நோட்டும் புகாரும் ஒன்று சேர்ந்த வரலாறு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி தலைவி அக்கா கேட்டார்கள். "நான் பத்தாவதுதான்க்கா படிச்சிருக்கேன், வரலாறெல்லாம் எனக்கு எங்க தெரியும்" என்றேன். "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு புகார் வந்தா, எந்தப் பேட்ச், எப்ப அரைச்சதுன்னு தானா வந்து நிக்குதே, அது எப்படி வந்துச்சுன்னு எழுது. பாதிப் பேருக்கு அது தெரியாது" என்றார்கள்.

சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் இதை எழுதினால் நான் செய்த ஒரு தப்பையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டேன். "பேரைப் போடாம எழுது" என்றார்கள். அதனால் பேர் இல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தப்பு

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் கூட்டமைப்பின் சத்துமாவு, ராகி மாவு, சாம்பார் பொடி எல்லாம் வெளியூருக்கும் பார்சலில் போக ஆரம்பித்திருந்தது. ஆர்டர் எடுப்பது, பார்சல் கட்டுவது, போனில் பேசுவது மூன்றும் என் வேலை. ஒருநாள் ஓசூரில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார். சத்துமாவு காறல் வாடை அடிக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்க முடியவில்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்பக்கம் "சத்துமாவு, காறல்" என்று மட்டும் எழுதி வைத்தேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் பேட்ச் நம்பரைக் கேட்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. போன மாதம் மாவு அரைத்தது யார் என்று ஒருத்தர் கேட்டார். ஒரு பேர் வந்தது. கடலையைச் சரியாக வறுக்கவில்லை என்று ஒருத்தர், மிஷினைத் துடைக்கவில்லை என்று இன்னொருத்தர். அந்த அக்கா, "நான் எப்பவும் போலத்தான் செஞ்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்கள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் அவர்கள் அரைவை வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவானது. அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டுக் கேஸும் மளிகையும் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஓசூர் அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்டு, பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பேட்ச் நம்பரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது போன மாத மாவே இல்லை. நாலு மாதத்துக்கு முந்தைய சரக்கு. ஸ்டோர் ரூமில் புதுப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்ததை நான்தான் தேதி பார்க்காமல் எடுத்துப் பார்சல் கட்டியிருக்கிறேன். கம்பும் கடலையும் சேர்ந்த மாவு, எண்ணெய்ப் பசை உள்ளது. நாள் ஆனால் காறத்தான் செய்யும்.

அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "எல்லாத்தையும் நோட்டுல எழுதிதானே வெச்சிருந்த? எடுத்துப் பாக்கலியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நோட்டு இருந்தது. புகாரும் இருந்தது. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. என் நாத்தனார் மகள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லி அழுதேன். "அத்தை, உலகம் பூரா இதே பிரச்சனைதான். இதுக்குன்னே ஒரு வழி இருக்கு" என்றாள். அவள் சொல்லிக் கொடுத்ததும், அப்புறம் நானே தேடிப் படித்ததும்தான் கீழே இருப்பது.

நோட்டின் வரலாறு

என் பாட்டி பால்காரருக்குக் கணக்கு வைத்தது சுவரில். ஒருநாள் பாலுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. மாதம் முடிந்தால் எண்ணிக் காசு கொடுத்துவிட்டு அழித்துவிடுவார். வீட்டுக்கு அது போதும். நாலு பேர் பணம் சேரும் இடத்தில் அது போதாது.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல் தொடங்கப்பட்டது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்த நிறுவனம் 1989ல் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் ஆரம்பித்தது நம் மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது.

1992ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம் என்று ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அடமானம் வைக்க நிலமும் நகையும் இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு இவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் கொடுத்தது. நமக்கு முதல் சொத்து நோட்டுதான் என்று என் அம்மா சொல்வார். அம்மாவின் குழுவில் நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருத்தரிடமும் பெட்டியை இன்னொருத்தரிடமும் கொடுத்திருந்தார்கள்.

அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள் போனதற்கும் ஒரு கதை உண்டு. ஐபிஎம் கம்பெனியில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவலையும் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைத்துக்கொண்டால் போதும், ஒரு அட்டவணையில் உள்ள எண் இன்னொரு அட்டவணையிலும் இருந்தால் இரண்டையும் அந்த எண்ணை வைத்தே சேர்த்துவிடலாம் என்றார். கேட்கும்போது, இதில் என்ன புதுமை, நம் சேமிப்பு நோட்டிலும் கடன் நோட்டிலும் ஒரே உறுப்பினர் எண்தானே போடுகிறோம் என்று தோன்றியது. ஆனால் அதுவரை கம்ப்யூட்டரில் தகவல் எந்த வழியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வழி தெரிந்தவரால்தான் எடுக்க முடியும். பெட்டியை அடுக்கியவர் வந்தால்தான் சாமான் கிடைக்கும் என்பது போல. காட் சொன்ன முறையில், என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், எங்கே இருக்கிறது என்று தேடுவது கம்ப்யூட்டரின் வேலை. நாலு வருடம் கழித்து 1974ல் அதே கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இரண்டு பேர் அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழியை உண்டாக்கினார்கள். அதுதான் இன்று எஸ்கியூஎல் என்று கல்லூரிப் பிள்ளைகள் படிப்பது. இந்த மாதிரி அட்டவணைத் தொகுப்பைத்தான் டேட்டாபேஸ், தரவுத்தளம் என்கிறார்கள்.

குழு நோட்டுகளும் அந்த வழியில் போயின. 2015 மார்ச் மாதம் நபார்டு வங்கி இ-சக்தி என்ற திட்டத்தை ஜார்கண்டில் ராம்கர், மகாராஷ்டிராவில் துலே என்ற இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தது.

புகாரின் வரலாறு

புகார் வேறு பாதையில் வந்தது. வாங்கிய பொருள் சரியில்லை என்றால் முன்பெல்லாம் கடைக்கு நேரே போய்ச் சண்டை போட வேண்டும், இல்லை கடிதம் எழுத வேண்டும். பிறகு டெலிபோன் வந்தது. 1967ல் அமெரிக்காவில், அழைப்பவருக்குக் காசு ஆகாமல் கம்பெனியே கட்டணம் கட்டும் எண்கள் வந்தன. நம் நாட்டில் 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019ல் புதுச் சட்டம் போட்டார்கள். இன்று 1915 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்து நுகர்வோர் புகார் சொல்லலாம். பொருள் விற்கும் நாமும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாங்குபவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

புகார்கள் பெருகியபோது, எதற்குப் பதில் சொன்னோம், எதை விட்டோம் என்று குழப்பம் வந்தது. அதற்குத்தான் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுப் போடுகிற மாதிரி ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் போட்டு, அது தீரும் வரை திறந்தே வைத்திருக்கும். அந்தச் சீட்டைத்தான் டிக்கெட் என்கிறார்கள். 2007ல் டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகனில் மூன்று பேர் சேர்ந்து ஜென்டெஸ்க் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். 2010ல் நம் சென்னையில் திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பேர் மாறி, 2021ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போனது. உலகத்தார் புகாரைக் கேட்டுப் பதில் சொல்லும் மென்பொருள் ஒன்று நம் ஊர்ப் பிள்ளைகள் செய்தது என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டும் சேர்ந்த கதை

இப்படி நோட்டு ஒரு பக்கம் வளர்ந்தது, புகார் ஒரு பக்கம் வளர்ந்தது. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, இதைப் பார்த்து அதில் எழுதி, அதைப் பார்த்து இதில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு மறதி வந்தால், அவசரம் வந்தால், என் மாதிரி காலண்டர் தாள்தான்.

இரண்டு மென்பொருளைச் சேர்க்க வேண்டுமென்றால் முன்பு அதற்கென்று ஒரு புரோகிராமரை வைத்து எழுத வேண்டும். மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஏபிஐ என்று ஒரு வாசல் வைக்க ஆரம்பித்த பிறகு அது சுலபமானது. அது வங்கிக் கவுன்டர் மாதிரி. உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாம். சலானைச் சரியாக எழுதி நீட்டினால் பதில் வரும். அந்தக் கவுன்டருக்கும் இந்தக் கவுன்டருக்கும் சலானை எடுத்துக்கொண்டு நடக்கும் ஆள்தான் வொர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன். "இது நடந்தால் அதைச் செய்" என்று ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் செய்யும். 2011ல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் மூன்று பேர் தொடங்கிய ஜேப்பியர் இந்த வேலைக்குப் பேர் வாங்கியது. புரோகிராம் எழுதத் தெரியாதவரும் திரையில் தேர்ந்தெடுத்தே இரண்டு மென்பொருளை இணைக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

நம் ஆபீஸில் நடந்தது

நாத்தனார் மகள் விடுமுறையில் வந்து உட்கார்ந்தாள். முதல் வேலை நோட்டை அட்டவணை ஆக்கியது. ஒரு அட்டவணையில் பேட்ச் எண், பொருள், அரைத்த தேதி, அரைத்த குழு, எத்தனை பாக்கெட், கடைசித் தேதி. இன்னொன்றில் ஆர்டர் எண், வாங்கியவர் போன் நம்பர், எந்தப் பேட்ச் போனது, அனுப்பிய தேதி. இரண்டையும் சேர்ப்பது பேட்ச் எண்.

அதற்கப்புறம் புகாருக்கு ஹெல்ப்டெஸ்க். இப்போது போனில் வரும் புகாரை நான் டிக்கெட்டாகப் போடுகிறேன். மெயிலில் வந்தால் தானாக டிக்கெட் ஆகிவிடும். டிக்கெட் திறந்ததும் நடுவில் உள்ள ஆட்டோமேஷன் அதில் இருக்கும் பேட்ச் எண்ணை எடுத்துக்கொண்டு போய் அட்டவணையில் தேடும். எப்போது அரைத்தது, எப்போது அனுப்பியது, அரைத்து எத்தனை நாள் கழித்துப் போனது, இதே பேட்ச் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று எடுத்துவந்து, நாம் மட்டும் பார்க்கும் குறிப்பாக அந்த டிக்கெட்டிலேயே எழுதிவிடும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் முன்னால் நிற்கும்.

எல்லாம் முதல் நாளே நடந்துவிடவில்லை. பட்ட பாட்டையும் சொல்கிறேன், வேறு ஊராட்சிக் கூட்டமைப்புகளுக்கு உதவும்.

பாக்கெட்டில் 042 என்று இருக்கும். அட்டவணை முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தானாகவே எடுத்துவிட்டு 42 என்று வைத்துக்கொண்டது. நமக்கு இரண்டும் ஒன்று. மெஷினுக்கு வேறு வேறு. "அப்படி ஒரு பேட்ச் இல்லை" என்று சொல்லிவிட்டது. அந்தக் கட்டத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைக்கும்படி மாற்றிய பிறகுதான் சரியானது. போன் நம்பரும் அப்படித்தான். ஒரு இடத்தில் 91 சேர்த்து, ஒரு இடத்தில் சேர்க்காமல். இப்போது கடைசிப் பத்து எண்ணை மட்டும் ஒப்பிடுகிறது.

ஒருநாள் பெரிய கூத்து நடந்தது. டிக்கெட்டில் ஏதாவது மாறினால் குறிப்பு எழுது, வாங்கியவருக்கு "உங்கள் புகார் கிடைத்தது" என்று செய்தி அனுப்பு என்று வைத்திருந்தோம். குறிப்பு எழுதியதே ஒரு மாற்றம்தானே? அதைப் பார்த்து மறுபடி குறிப்பு, மறுபடி செய்தி. சேலத்து ஐயா ஒருத்தருக்கு ஒரே செய்தி இருபத்துமூன்று தடவை போனது. "ஏம்மா, உங்க மாவு நல்லாத்தான் இருக்கு, செய்தியை நிறுத்துங்க" என்று போன் செய்துவிட்டார். புது டிக்கெட் திறக்கும்போது மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை என்று மாற்றினோம்.

இன்னும் மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். ஆட்டோமேஷனுக்கு நம் அட்டவணையைப் பார்க்க மட்டும்தான் அனுமதி, திருத்தவோ அழிக்கவோ முடியாது. பேட்ச் எண் கிடைக்கவில்லை என்றால் அது ஊகம் செய்யக் கூடாது, "ஆள் பார்க்க வேண்டும்" என்று போட்டு என் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அரைத்த குழுவின் பேரும், மற்ற வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் வெளியே போகவே கூடாது, ஆபீஸில் இரண்டு பேர்தான் பார்க்கலாம். மற்றவர் விவரத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று 2023ல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு புகார் வந்தது, சாம்பார் பொடி கட்டி தட்டிவிட்டது என்று. குறிப்பு வந்தது. அரைத்தது அடைமழை வாரம். அதே பேட்ச் இன்னும் ஆறு பேருக்குப் போயிருந்தது. அவர்கள் கூப்பிடும் முன்னால் நானே கூப்பிட்டேன். இரண்டு பேர், ஆமாம் எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். மூன்று பேருக்கும் மாற்றி அனுப்பினோம். கூட்டத்தில் இந்தத் தடவை யார் அரைத்தது என்ற கேள்வியே வரவில்லை. மழை நாளில் மிளகாய் சரியாகக் காயாது, வறுத்து ஈரம் போன பிறகுதான் அரைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். கோபம் ஆளின் மேல் போகவில்லை, வேலையின் மேல் போனது.

மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். நாம் எழுதி வைத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒருநாள் பார்சல் அவசரத்தில் பேட்ச் எண் கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தப் புகாருக்குக் குறிப்பும் காலியாகவே வந்தது. தப்பாக எழுதினால் தப்பையே கொண்டுவந்து வைக்கும், அதுவும் வேகமாக.

அந்த அக்காவுக்கு நாங்கள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். வேலை போன நாட்களுக்கான கூலியைக் கூட்டமைப்பில் இருந்து கொடுத்தோம். பேட்ச் விவரத்தைப் பார்க்காமல் எந்த உறுப்பினரையும் வேலையில் இருந்து நிறுத்தக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவர்கள் திரும்ப வருவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. கூலி கொடுத்தது போதும் என்று நான் நினைத்தேன். அவர்கள் வீட்டில் அந்த நாட்களில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், போதாது என்று இப்போது தெரிகிறது. இன்று ஸ்டோர் ரூமில் பழைய பெட்டியை முன்னால், புதுப் பெட்டியைப் பின்னால் அடுக்குவது அவர்கள்தான். ஒவ்வொரு பெட்டியிலும் பேட்ச் எண்ணைப் பெரிதாக, அவர்கள் கையாலேயே எழுதுகிறார்கள். பூஜ்யத்தோடு.

சகோதரிகளே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அரைக்கும் அன்றே பேட்ச் எண்ணை எழுதுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். யாராவது குறை சொல்லிப் போன் செய்தால், கோபப்படும் முன்னும் மன்னிப்புக் கேட்கும் முன்னும், "பாக்கெட்ல இருக்கற நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். அன்றைக்கு நான் அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அக்கா தலைகுனிந்து கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.